கொடிவழி: ஒரு சொல்லும் அதன் சுற்றமும்

சென்ற ஆண்டு ஒரு மாலையில் அலுவலகம் விட்டு இல்லம் திரும்பியபோது, ஏழாம் வகுப்பில் பயிலும் எம் மகள் பெரிய தாள் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். இந்தி ஆசிரியை கொடுத்த வீட்டுப்பாடம் அது. தாளின் நடுவே ஒரு மரம். மரத்தின் கிளைகளில் சிறு சிறு கட்டங்கள். மேலே 'வம்ச விருட்சம்' என்று இந்தியில் தலைப்பு. "இதுக்குத் தமிழ்ல என்னப்பா?" என்று கேட்டாள். சற்றும் தயங்காமல் 'வம்சாவளி' என்றோம். "அது இந்தியிலயும் அதுதானேப்பா!" என்றாள்.

தலைநகரில் பிறந்து வளர்ந்த பிள்ளையின் கேள்விக்கு, தமிழ் கற்றவர் என்று சங்கத்தார் கருதும் நாம் உடனே விடை கூற இயலாமற் போனோம். விடை இல்லாமையால் அன்று. விடைகள் பலவாக இருந்தமையால். குலம், குடி, மரபு, கிளை, வழி, கால்வழி, கொடிவழி, தலைமுறை, பரம்பரை, சந்ததி என்று அடுக்கடுக்காகச் சொற்கள் நாவில் வந்து நின்றன. எதைத் தேர்ந்து கொடுப்பது? அன்றிரவு தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரையாக வளர்ந்தது.

ஒருபொருட் பன்மொழி என்று ஒரு தொகுதிச் சொற்களை எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் அவ்வாறு தொகுத்துத் தந்த செல்வம் பெரிது. ஆயினும் ஒரே வரிசையில் நிற்பதனால் எல்லாச் சொற்களும் ஒரே எடையுடையன ஆகிவிடா. ஒரு குடும்பத்தின் முன்னோரைக் குறிக்கும் சொற்களில் இவ்வேறுபாடு மிகவும் கூர்மையானது. ஒவ்வொரு சொல்லும் யாரை நினைக்க வேண்டும், யாரை மறந்துவிடலாம் என்பதை நமக்குத் தெரியாமலே முடிவு செய்துவிடுகிறது என்பதே நம் கருத்து.

சொற்களின் இயல்பு

முதலில் வடமொழி வழி வந்தவற்றைக் காண்போம். வம்சம் என்பதற்கு மூங்கில் என்பது பழம்பொருள். கணுவுக்குக் கணு மேலெழும் மூங்கில், தலைமுறைக்குத் தலைமுறை தொடரும் குடும்பத்திற்கு உவமையாகிப் பின் அதற்கே பெயராயிற்று. ஆவளி என்பது வரிசை. எனவே வம்சாவளி என்பது முன்னோரின் நேர் வரிசை. சந்ததி என்பதில் அறாது நீளுதல் என்னும் கருத்தும், பரம்பரை என்பதில் ஒன்றன்பின் ஒன்றாய் வருதல் என்னும் கருத்தும் உள்ளன. இவை யாவும் நேர்கோட்டுச் சொற்கள். ஒரு நூலைப் பிடித்து இழுத்தால் அதன் மறுமுனை வந்து சேருவது போன்றவை.

இனித் தமிழ்ச் சொற்கள். மரபு என்பதைக் குருதித் தொடர்ச்சி என்றே இன்று பலரும் எண்ணுகிறோம். தொல்காப்பியர் மரபியல் என்று ஓர் இயலுக்கே பெயரிட்டார். அதன் தொடக்கத்தில் அரசர் வரலாறு இல்லை. பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி என்னும் ஒன்பது இளமைப் பெயர்களைக் கூறி, எதன் இளமையை எச்சொல்லால் வழங்குவது என்று வகுத்துச் செல்கிறார். ஆகவே மரபு என்பது சான்றோர் வழங்கிய வழக்கை நாமும் வழங்குதல். ஆட்டின் இளமையை ஆட்டுக்குட்டி என்றும் பசுவின் இளமையைக் கன்று என்றும் பிழையின்றிச் சொல்லும் பிள்ளை, எங்கே பிறந்திருப்பினும், அம்மரபினுள் நிற்கிறது.

குடி என்னும் சொல் இன்னும் விரிந்தது. குடும்பம், குடிமக்கள், குடியிருப்பு ஆகிய மூன்றும் அதனுள் அடங்கும். ஒரே சொல்லிலிருந்து குடியிருத்தலும் பிறக்கிறது, குடிபெயர்தலும் பிறக்கிறது. திருவள்ளுவர் இச்சொல்லை இரண்டு அதிகாரங்களில் எடுத்தாள்கிறார். 96ஆம் அதிகாரமாகிய குடிமையில் நற்குடிப் பிறந்தாரின் இயல்புகளைச் சொல்கிறார். 103ஆம் அதிகாரமாகிய குடிசெயல்வகையிலோ, பிறந்த குடியை முயற்சியால் உயரச் செய்வோனைப் பாராட்டுகிறார். முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டிக் குலப்பெருமை பேசுவோர், இரண்டாவதைப் படிக்க மறந்துவிடுகின்றனர். குடி என்பது பிறப்பால் கிடைப்பது மட்டுமன்று. செய்து ஆக்கப்படுவதும் ஆகும்.

பேரன் என்னும் சொல்லையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். அது பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். பாட்டி பெயரைத் தாங்குபவள் பெயர்த்தி. ஒரு தலைமுறை இடைவிட்டுப் பெயர் திரும்பி வரும் இந்த ஏற்பாடு, ஏட்டில் எழுதாமலே குடும்ப வரலாற்றைக் காக்கும் வழியாக இருந்தது. இன்று நம் பெயருக்கு முன் நிற்கும் ஒற்றைத் தலைப்பெழுத்து ஒரே ஒரு தலைமுறையைத்தான் காக்கிறது. வடபுலத்துப் படிவங்கள் 'குடும்பப் பெயர்' கேட்கும்போது தந்தை பெயரைப் பின்னே கொண்டுபோய் ஒட்டுகிறோம். அடுத்த தலைமுறையில் அதுவும் மாறிவிடுகிறது.

அலுவலகத்தில் நாள்தோறும் நம் கையில் புழங்கும் மற்றொரு சொல் வாரிசு. அரபு மொழியில் தோன்றி உருது வழியாக வருவாய்த்துறை வழக்கில் வந்து ஊன்றிய சொல் இது. குடும்ப ஓய்வூதியக் கோப்புகளைப் பல ஆண்டுகள் புரட்டியவர்கள் என்ற முறையில் ஒன்று சொல்வோம். வாரிசுப் பட்டியல் என்பது பெறுவோரின் பட்டியல். கொடுத்தவரைப் பற்றி அதில் ஒரே ஒரு குறிப்புத்தான் இருக்கும்: அவர் இறந்த தேதி.

செப்பேடும் வமிசாவளியும்

சொற்கள் இவ்வாறிருக்க, முன்னோர் வரிசையை எழுதி வைத்தவர்கள் அதனை எதற்காக எழுதினார்கள் என்பதும் ஆராயத் தக்கது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் முதலாம் இராசேந்திர சோழனின் ஆறாம் ஆட்சியாண்டுக்கு உரியவை. 31 ஏடுகளைக் கொண்டவை. அவற்றின் வடமொழிப் பகுதி சூரியனிலிருந்து தொடங்கிச் சோழர் குலத்தைப் பாடுகிறது. தமிழ்ப் பகுதியோ பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு வழங்கிய செய்தியையும், அதன் எல்லைகளையும், ஆணையை நிறைவேற்றிய அலுவலர்களையும் சொல்கிறது. ஒரே ஆவணத்தில் குலம் புகழுக்கும், நிலம் கணக்குக்கும் உரியனவாக நிற்கின்றன. கோப்பு எழுதும் தொழிலில் இருக்கும் நமக்கு, எல்லையை அடி அடியாக நடந்து குறித்த அந்தத் தமிழ்ப் பகுதியின்மீது தனி அன்பு உண்டு. ஆயினும் முன்னோரை வானத்துச் சூரியனோடு இணைத்துப் பார்த்த மற்றப் பகுதியை வெறும் கற்பனை என்று தள்ளிவிடவும் இயலாது. தாம் யார் என்று எண்ணினார்கள் என்பதற்கு அதுவே சான்று.

பிற்காலத்தில் நோக்கம் இன்னும் வெளிப்படையாயிற்று. 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளராக அமர்த்தப்பெற்ற காலின் மெக்கன்சி, தம் உதவியாளர் வாயிலாகத் திரட்டிய சுவடிகளுள் பாளையக்காரர் வமிசாவளிகள் பல உள்ளன. எம் முன்னோர் இன்ன அரசரிடம் இன்ன வீரம் புரிந்து இன்ன பாளையத்தைப் பெற்றார் என்று அவை கூறும். ஆட்சி மாறிய காலத்தில், தம் உரிமையைப் புதிய ஆட்சியாளர்முன் நிலைநாட்டிக்கொள்ளும் தேவை அவற்றினுள் கலந்திருந்தது. எனவே வமிசாவளி என்பதைப் படிக்கும்போது, அதில் உள்ள பெயர்களை மட்டும் பார்த்தால் போதாது. அது யார் முன்னிலையில், எதனைக் கேட்டுச் சொல்லப்பட்டது என்றும் பார்க்க வேண்டும்.

பரணி கூறும் பாரம்பரியம்

இந்த நோக்கோடு கலிங்கத்துப்பரணியைப் படித்தால் புதிய நயங்கள் புலனாகின்றன. செயங்கொண்டார் தம் நூலுள் 'இராச பாரம்பரியம்' என்றே ஒரு பகுதி அமைத்துள்ளார். பரணி என்றவுடன் கலிங்கப் போரையும் கடை திறப்பையும் பேயடு கூழையும் நினைக்கும் நாம், இப்பகுதியை வெறும் பெயர்ப் பட்டியல் என்று கடந்து போவது வழக்கம். அது நியாயமன்று.

முதலாவது, அதனைச் சொல்வது யார்? அரசவைப் புலவர் அல்லர். இமயத்திலிருந்து வந்த ஒரு முதுபேய். இமயம் சென்ற கரிகாலன், நாரத முனிவன் கூறிய சோழர் வரலாற்றை அம்மலையில் எழுதி வைத்தான் என்றும், அதைப் படித்தறிந்த பேய் காளிக்கு எடுத்துரைத்தது என்றும் புலவர் அமைக்கிறார். குலவரலாறு பிறந்த மண்ணிலிருந்து நெடுந்தொலைவில், வடக்கே ஒரு மலையில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நினைவில் சுமந்து தெற்கே கொண்டுவருவது ஊரைவிட்டு ஓடிப்போன ஒரு பேய்! வடபுலத்தில் வாழும் நாம் இதனை எண்ணி ஒரு முறை சிரித்துக்கொள்ளலாம். பிறகு ஒரு முறை சிந்தித்தும் பார்க்கலாம்.

இரண்டாவது, அப்பேய் முன்னோரை எவ்வாறு அறிமுகப்படுத்துகிறது? பெரும்பாலும் பெயரால் அன்று, செயலால். கன்றுக்காக மகனைத் தேர்க்காலில் இட்டவன், புறாவுக்காகத் துலையில் ஏறியவன், களவழிப் பாடலைக் கேட்டுச் சேரனின் தளையை விடுத்தவன், கங்கையும் கடாரமும் கொண்டவன் என்று ஒவ்வொருவரும் ஒரு செயலாகவே வருகின்றனர். கம்பர் பாலகாண்டத்துக் குலமுறை கிளத்து படலத்தில், விசுவாமித்திரர் வாயிலாகச் சனகனுக்கு இராமன் குலத்தை உரைக்கும்போதும் இம்முறையே பெரிதும் ஆளப்படுகிறது. நம் புலவர்களுக்குக் குலமுறை என்பது பெயர்களின் கோவையன்று. நினைக்கத் தக்க செயல்களின் கோவை. பள்ளித் தாளில் உள்ள கட்டத்திற்குள் ஒரு பெயரை மட்டும் எழுதி மூடிவிடுவதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

மூன்றாவது, பரணி எதைச் சொல்லாமல் விடுகிறது? வீரராசேந்திரனுக்குப் பின் சிறிது காலம் அரியணையில் இருந்து 1070இல் மறைந்த அதிராசேந்திரனைப் பற்றி அது பேசுவதில்லை. நாடு நிலைகுலைந்தது, அபயனாகிய குலோத்துங்கன் வந்து நிலைநிறுத்தினான் என்று மேலே சென்றுவிடுகிறது. பாடப்படும் அரசன் அரியணை ஏறிய வகையைப் பற்றிய சங்கடமான கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. செயங்கொண்டாரின் கவித்திறத்தை எவ்வளவு போற்றினாலும், இம்மௌனத்தையும் திறனாய்வாளர் குறித்தே ஆகவேண்டும். பாட்டில் வரும் குலமுறை நினைவின் கலை மட்டுமன்று; மறதியின் கலையும் ஆகும்.

நான்காவதே நம் கட்டுரைக்கு முதன்மையானது. குலோத்துங்கன் ஆண்வழியில் சோழன் அல்லன். அவன் தந்தை வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கிய மன்னன் இராசராச நரேந்திரன். தாய் முதலாம் இராசேந்திரனின் மகள் அம்மங்கை. நேர்கோடாக மேலேறும் மூங்கில் இவனிடம் வரும்போது முறிந்துவிடுகிறது. இம்முறிவைப் புலவர் மறைத்தாரா? இல்லை. பின்னர் வரும் 'அவதாரம்' என்னும் பகுதியில், திங்கள் மரபும் கதிரவன் மரபும் ஒரு குழந்தையிடம் கூடின என்று வெளிப்படையாகவே பாடுகிறார். அத்துடன் ஓர் அரிய காட்சியையும் வைக்கிறார். கங்கைகொண்ட சோழனின் தேவி, தன் மகள் வயிற்றுக் குழந்தையை உறுப்பு உறுப்பாகப் பார்த்து, இவன் நமக்கு மகனாகிக் கதிரவன் குலத்தை விளங்கச் செய்வான் என்று மகிழ்கிறாள். ஆண்களின் செயல்களாகவே நடந்துவந்த வரிசை, அறுந்துபோக இருந்த இடத்தில், ஒரு பாட்டியின் சொல்லால் மீண்டும் பிணைக்கப்படுகிறது. வம்சாவளி என்னும் சொல்லுக்குள் இக்காட்சி அடங்காது. வேறொரு சொல் வேண்டும்.

குருதியல்லாத வழிகள்

குருதிக்கு அப்பாலும் நம் முன்னோர் வழியைக் கண்டனர். சைவ சித்தாந்த ஆசிரியர் நால்வரைச் சந்தான குரவர் என்கிறோம். சந்தானம் என்றால் மகப்பேறு என்பதும் பொருள். ஆனால் இங்கே அது ஞானத்தின் தொடர்ச்சி. மெய்கண்டாருடைய தந்தையின் குலகுருவாக இருந்த முதியவரே, பின்னர் அச்சிறுவரைத் தம் குருவாக ஏற்று அருணந்தி சிவாசாரியார் ஆனார் என்பது வரலாறு. வயதில் மூத்தவர் வழியில் இளையவர் ஆகிறார். எந்த மரத்தை வரைந்து இந்த உறவைக் காட்டுவது?

உ. வே. சாமிநாதையர் தம் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் வரலாற்றை 1933இலும் 1934இலும் இரண்டு பகுதிகளாக வெளியிட்டார். மைந்தர் தந்தைக்கு ஆற்றும் கடனினும் சிறிதும் குறைந்ததன்று அப்பணி. திருக்குறள் 114ஆம் பாவில் வரும் எச்சம் என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் நன்மக்கள் என்று பொருள் கொண்டார். எஞ்சி நிற்கும் புகழும் பழியும் என்று மு. வரதராசனார் கொண்டார். இரண்டும் பொருந்தும் என்பதே நம் கருத்து. ஒருவர் விட்டுச் செல்வது மக்களை மட்டுமன்று. ஒரு செயலையும் விட்டுச் செல்கிறார்.

மகளின் தாள்

இனி அந்தத் தாளுக்கு வருவோம். தந்தை, தந்தையின் தந்தை, அவருக்குத் தந்தை என்று மூன்று கட்டங்கள் எளிதில் நிரம்பின. ஆனால் எம் தந்தையார் தம் தந்தையைச் சிறு வயதிலேயே இழந்தவர். தாயைப் பெற்ற பாட்டியின் வீட்டில் வளர்ந்தவர். அந்தப் பாட்டிக்கு மரத்தில் கட்டமே இல்லை. ஒரு கிளையைக் கூடுதலாக வரைந்து கொடுத்துப் பெயரை எழுதச் சொன்னோம். அப்போதுதான் பெயர் எமக்குத் தெரியாது என்பது தெரிந்தது. தந்தையார் மறைந்து சில ஆண்டுகள் ஆகின்றன. கும்பகோணத்தில் இருக்கும் அத்தையைத் தொலைபேசியில் கேட்டோம். "அம்மாச்சிக்கு அம்மாச்சின்னுதான்ப்பா பேரு. ஊர்ல ஆடுதுறையாள்னு கூப்பிடுவாங்க" என்றார். பிறந்த ஊரே அவருக்குப் பெயராகி, உண்மைப் பெயர் உதிர்ந்துபோயிற்று. பெயர் தெரியாமையால் அவருக்கு ஒரு பெயர்த்தியும் வாய்க்கவில்லை.

ஆனால் அத்தை மேலும் ஒன்று சொன்னார். தந்தையார் பள்ளி இறுதித் தேர்வு முடித்தபோது, தட்டெழுத்துப் பயிலகத்தில் சேரப் பணமில்லை. அம்மாச்சி தம் சிவப்புக்கல் தோட்டைக் கழற்றி அடகு வைத்தார். காதில் ஈர்க்குச்சியைச் செருகிக்கொண்டு கடைசிவரை இருந்தார். அத்தோடு மீளவே இல்லை. 1974இல் தந்தையார் தட்டெழுத்தராகப் பணியேற்றுத் தலைநகருக்கு வண்டி ஏறினார். நாம் இங்கே பிறந்ததும், அரசுப் பணியில் அமர்ந்ததும், இம்மலரில் இக்கட்டுரை எழுதுவதும் அந்தத் தோட்டின் பயன்.

இதனை எம் மகளிடம் சொன்னோம். அவள் அந்தக் கட்டத்தில், 'அப்பாவின் படிப்புக்குத் தோட்டை அடகு வைத்தவர்' என்பதைத் தமிழில் எழுதி, கீழே சிறிதாக இந்தியிலும் எழுதினாள். எழுதச் சொன்னது தாத்தாவைப் பற்றி அல்லவா, அவருக்கு 'அப்பா' என்று எழுதிவிட்டாளே என்று திருத்தப் போனோம். பிறகு திருத்தாமல் விட்டோம். செயங்கொண்டாரின் பேய் முன்னோரை அறிமுகப்படுத்திய முறை அதுவே அல்லவா? கங்கைகொண்ட சோழனின் தேவியையும் நாம் பெயரால் நினைப்பதில்லை. அவள் சொன்ன சொல்லால் நினைக்கிறோம்.

தலைப்புக்கு எச்சொல்லைக் கொடுத்தோம் என்பதைச் சொல்லி முடிப்போம். கொடிவழி என்று எழுதச் சொன்னோம். கொடி என்றால் படர்கொடி. தாயையும் சேயையும் இணைப்பதும் தொப்புள்கொடியே. இது சொற்பிறப்பு முடிபு அன்று. பொருத்தம் கருதி நாம் கொள்ளும் பொருள். மரத்திற்கு ஒரே அடிமரம். பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. கும்பகோணத்துக் கொடிக்கால்களைப் பார்த்தவர்கள் அறிவார்கள். வெற்றிலைக்கு விதை விதைப்பதில்லை. முற்றிய கொடியைக் கணுவோடு நறுக்கி வேறு மண்ணில் ஊன்றுகிறார்கள். பக்கத்தில் நிற்கும் அகத்தியைப் பற்றிக்கொண்டு அது மேலே ஏறுகிறது. மண் வேறு, பற்றிய கொம்பு வேறு, இலையின் காரம் பழையதே.

ஊரைவிட்டு வந்த நம் குடும்பங்களுக்கு அன்புடன் ஒரு வேண்டுகோள். இந்த விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தாய்வழிப் பாட்டியின் பெயரைக் கேளுங்கள். அவர் செய்த ஒரு செயலையும் கேளுங்கள். இரண்டையும் பிள்ளைகள் கையால் தமிழில் எழுதி வையுங்கள். பெயரைக் கேட்பதற்கு நாம் பிந்திவிட்டோம். உங்களுக்கு இன்னும் காலம் இருக்கக்கூடும்.